கடை பூட்டியிருந்த காலத்துச் சாப்பாடு

பழைய சாப்பாடே நல்லது என்று சொல்ல இன்றைக்குத் துணிச்சல் எதுவும் வேண்டாம். கொழும்புச் சுப்பர்மார்க்கெட்டில் குரக்கன் பிஸ்கட் விற்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023 ஆம் ஆண்டையே சிறுதானியங்களுக்கென்று ஒதுக்கியது. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் ஒடியல் மாவும் பனங்கட்டியும் வைத்துத்தான் பெட்டியை மூடுகிறார்கள். ஆனால் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டான் சந்தியில் இறங்கி நாலு வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தால், இரவைக்குக் கோதுமை மாப் புட்டு, இல்லாவிட்டால் கடைப் பாண். காலையில் பால்மாத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். குரக்கனின் புகழ் பாடுகிறவர் ஓரிடத்தில், அதை விளைவித்த ஊர் வேறோரிடத்தில்.

இந்த ஊருக்கும் குரக்கனுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்றையதில்லை. தான்தோன்றீஸ்வரர் கோயிலைப் பற்றி ஊரில் சொல்லும் கதையே புனத்தில் தொடங்குகிறது: குரக்கன் கொய்த பிறகு நின்ற ஒட்டைச் சுட்டபோது ஒரு பற்றை மட்டும் எரியாமல் நின்றது, அதன் அடியில் லிங்கம் இருந்தது. சுவாமி குரக்கன் புனத்தில் வெளிப்பட்ட ஊரில் குரக்கன் புட்டு ஏன் விருந்தாளியாகிவிட்டது? சனத்துக்கு நாக்கு நீண்டுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமான விடையாகப் படுகிறது. காலம் சோதித்துத் தந்த பழக்கங்கள் என்று நாம் சொல்கிறவற்றை எப்படிச் சோதிப்பது, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு இந்த ஊர் இருக்கும் வன்னியைப் போல ஒரு பரிசோதனைக் களம் கிடைப்பது அரிது. அரை நூற்றாண்டளவில் நாலு தடவை இந்த நிலத்தின் கடைக் கதவு பூட்டப்பட்டது.

முதல் தடவை 1970 முதல் 1977 வரை. அன்னியச் செலாவணி இல்லாமல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கியது. பாணுக்கு விடியப்புறமே வரிசை. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கட்டுப்பாடு. வன்னிக்கு அது பொற்காலமும்கூட: முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் குடியேறிய படித்த வாலிபர்கள் செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டுக் காசு பார்த்தார்கள். வீட்டில் மரவள்ளி, குரக்கன், பயறு. 1977 இல் பொருளாதாரம் திறந்தது. 1980 இல் திருகோணமலையில் பிறிமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு கோதுமை மா எட்டாத கிராமம் இல்லை.

இரண்டாவது தடவை 1990 முதல் 2002 வரையான பொருளாதாரத் தடை. எரிபொருள், உரம், சீமெந்து, பற்றரி எதுவும் வராது. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணி ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து எரித்த காலம். சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி. பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்க்கத் தெரிந்த கிழவிகளுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த சனமும் சேர்ந்துகொள்ள, வன்னிக் காணிகளில் மரவள்ளி ஒரு பட்டாளத்துக்கே சோறு போட்டது.

மூன்றாவது தடவையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 2009 இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சி இன்று ஒவ்வொரு மே மாதமும் தெருவோரத்தில் காய்ச்சிக் கொடுக்கப்படுகிறது. அதை உணவுப் பழக்கம் என்ற தலைப்புக்குள் கொண்டுவர மனம் ஒப்பவில்லை.

நாலாவது தடவை துப்பாக்கி இல்லாமல் வந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே உத்தரவில் நிறுத்தப்பட்டது. அந்தக் காலபோகம் விழுந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். எரிவாயுவும் இல்லை, பால்மாவும் இல்லை. விறகடுப்பும் மரவள்ளியும் குரக்கனும் திரும்பவும் முன்னுக்கு வந்தன. உரத் தடை பற்றி இங்கே ஒன்று சொல்லத்தான் வேண்டும். இயற்கை விவசாயம் என்ற பழைய பழக்கத்துக்கு அந்த உத்தரவு செய்த கெடுதலை எந்த உரக் கொம்பனியும் செய்திருக்க முடியாது. மாட்டெரு எங்கே, பசுந்தாள் எங்கே, அதற்கு ஏற்ற விதை நெல் எங்கே என்று ஒருவரும் கேட்காமல், இருந்ததை மட்டும் பிடுங்கினார்கள்.

அந்த மூன்றாவதை விட்டுப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் பழைய சாப்பாடு வந்து காப்பாற்றியது. ஒவ்வொரு தடவையும் கடை திறந்ததும் போய்விட்டது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

ஏன் போனது? குரக்கன் புட்டு அவிப்பதைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு விடை தெரியும். கதிர் அடித்த குரக்கனில் மண் கலந்திருக்கும். புடைத்து, அரித்து, கழுவி, வெயிலில் காயவிட்டு, உரலில் மெல்லக் குத்தி உமி போக்கி, மறுபடி புடைத்து, திருகையில் அரைத்து, அரித்த பிறகுதான் மா. மண் ஒன்றிரண்டு மணி தப்பியிருந்தாலும் முதல் வாயிலேயே பல்லில் நெரியும், பிள்ளை துப்பிவிடும். அதன் பிறகு தேங்காய்ப்பூவும் உப்புத் தண்ணீரும் சேர்த்துக் குழைத்து நீத்துப்பெட்டியில் வைத்து அவிக்க வேண்டும். கோதுமை மாவென்றால் பைக்கற்றை வெட்டி, அவித்து அரித்தால் சரி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த அரை நாள் வேலை முழுக்கப் பெண்ணின் வேலை. போருக்குப் பிறகு பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் நிறைந்த பிரதேசம் இது. பகலில் கூலிக்குப் போய் வரும் ஒரு தாயிடம் திருகையைக் காட்டிப் பாரம்பரியம் பேசுவதற்குக் கொஞ்சம் கல்நெஞ்சு வேண்டும்.

இன்னொரு காரணம் நினைவு. தடைக் காலத்தில் மூன்று நேரமும் மரவள்ளி தின்றவருக்கு அது சத்துணவாகத் தெரியாது; பஞ்சமாகத்தான் தெரியும். தன் பிள்ளைக்குப் பாணும் ஜாமும் கொடுப்பது அவருக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதற்கான சாட்சி.

இனி அந்தச் சோதனை விஷயம். நீண்ட காலம் நிலைத்தது இன்னும் நீண்ட காலம் நிலைக்கும், நேற்று வந்தது நாளை போகும் என்பது ஒரு கணக்கு. லெபனானில் பிறந்த நசீம் தாலேப் 2012 இல் வெளியான 'அன்டிஃப்ராஜைல்' நூலில் இதை வைத்தே தன் சாப்பாட்டைத் தீர்மானிப்பதாக எழுதினார்: பல நூற்றாண்டு குடித்துப் பார்க்கப்படாத பானத்தைத் தொடுவதில்லை என்று. கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்கு அபாரமாகச் சரிவந்த இடமும் உண்டு, படுமோசமாகப் பிழைத்த இடமும் உண்டு.

சரிவந்த இடம் புழுங்கல் அரிசி. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் வீங்கும், நடை தளரும், இருதயம் நின்றுவிடும். சீயத்திலிருந்து வந்த தீட்டிய வெள்ளைப் பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்களே அதிகம் விழுந்தார்கள். பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களுக்கு அநேகமாக வரவில்லை. அவர்கள் தின்றது புழுங்கல். 1905 இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி பச்சரிசிப் பக்கத்தில்தான் வந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. எங்கள் ஆட்களுக்கு உயிர்ச்சத்துப் பற்றி எதுவும் தெரியாது. நெல்லை அவித்தால் குத்தும்போது அரிசி நொருங்காது, பூச்சி பிடிக்காது, பசி தாங்கும் என்பது தெரிந்திருந்தது. அது போதுமாக இருந்தது.

வன்னி முற்றங்களில் நெல்லவிப்பதை இன்னும் அங்கங்கே காணலாம். வெட்டிய பரலில் ஊறிய நெல்லைப் போட்டு, வாய் பிளக்கும்வரை அவித்து, நிவாரணத்தில் வந்த தறப்பாளை விரித்துக் காலால் கிளறிக் காயவிடுவார்கள். காய்ச்சல் பதம் பார்ப்பது பல்லால்: ஒரு மணியைக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், மாவாகவும் கூடாது, இழுபடவும் கூடாது.

சோளத்தின் கதை இதன் மறுபுறம். மெக்சிக்கோவின் பூர்வகுடிகள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்தே அரைத்தார்கள். ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். 18 ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும், பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் சோளமே கதியென்றிருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, புத்தி பேதலித்தது. பெலாகரா என்ற அந்த நோய் சுண்ணாம்போடு தின்றவர்களை அண்டவில்லை. எங்கள் ஒடியலும் அப்படித்தான். ஒடியல் மாவை ஊறவிட்டுப் பிழிந்து அந்தக் கயர்த்த தண்ணீரை ஊற்றிவிட்டே கூழுக்கு எடுப்பார்கள். மரவள்ளியை மூடாமல் அவிப்பார்கள்; இஞ்சி சேர்க்க மாட்டார்கள். திறந்து அவிப்பதில் மரவள்ளியின் சயனைட்டு ஆவியோடு போகிறது. இஞ்சிக் கதைக்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் கிடையாது. காலம் சோதித்தது பண்டத்தை இல்லை. ஊறவைப்பது, பிழிவது, அவிப்பது, எதோடு எப்போது எவ்வளவு என்பது எல்லாம் சேர்ந்த அந்த முழுக் கைப்பக்குவத்தைத்தான் சோதித்தது. குரக்கன் பிஸ்கட் வாங்குகிறவருக்கு அதில் பெயர் மட்டுமே கிடைக்கிறது. மிச்சம் கோதுமை மாவும் சீனியும் கொழுப்பும். பைக்கற்றைத் திருப்பிச் சேர்மானத்தை வாசித்தால் தெரியும்.

கணக்குப் பிழைத்த இடம் வெற்றிலைத் தட்டம். பாக்கை விடப் பழைய பழக்கம் எங்களிடம் எத்தனை இருக்கும்? கலியாணத்துக்கும் வேண்டும், செத்த வீட்டுக்கும் வேண்டும், வயலில் நாற்று நடும்போதும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும் வெறும் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாகப் பட்டியலிட்டது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். ஆயிரமாயிரம் வருடம் மென்றும் இதை ஏன் ஊர் கண்டுபிடிக்கவில்லை? மரவள்ளி கேடு செய்தால் அன்று பின்னேரமே தெரிந்துவிடும்; அயல் வீடும் படித்துக்கொள்ளும். பாக்கின் கேடு இருபது முப்பது வருடம் கழித்து வரும், அதுவும் எல்லாருக்கும் வராது. எண்பது வயது வரை மென்ற ஒரு தாத்தா எல்லா ஊரிலும் இருப்பார், அவர்தான் சாட்சிக்கு வருவார். சட்டென்று சுடும் தீங்கைக் காலம் நன்றாகச் சலிக்கும். மெல்லக் கொல்லும் தீங்கு அதன் கண்ணில் படாது. விறகடுப்புப் புகையும் அந்த வகைதான்; அதைத் தின்றது அடுப்படிக்குள் இருந்தவர்களின் நெஞ்சும் கண்ணும்.

புதியது வென்ற இடங்களையும் மறைக்கக் கூடாது. உப்பில் அயடீன் சேர்ப்பது இலங்கையில் 1995 இல் கட்டாயமானது. கழுத்துக் கழலைக்கு எந்தப் பழைய சமையலும் செய்யாததை ஒரு சிட்டிகை புதுமை செய்தது. அதேபோல வன்னியின் பழைய காலத்தைப் பொற்காலமாக வரைகிறவர்கள் பறங்கி என்ற தோற்புண் நோயை நினைக்க வேண்டும். 19 ஆம் நூற்றாண்டில் மலேரியாவும் பறங்கியும் சேர்ந்து இந்தக் கிராமங்களை வெறுமையாக்கின. கெட்ட தண்ணீரும் புன்செய்த் தானியச் சாப்பாடுமே பறங்கிக்குக் காரணம் என்று வெள்ளைக்காரர் பலர் நம்பினார்கள். 1905 இல் கொழும்பில் அல்டோ கஸ்டெலானி அதன் கிருமியைக் கண்டார். பின்னாளில் பென்சிலின் அதை முடித்தது. அன்று குரக்கன் மீது சும்மா பழி விழுந்தது. இன்று சும்மா பெருமை விழுகிறது.

எது பழையது என்பதிலும் எங்களுக்கு மயக்கம் உண்டு. ஒடியற்கூழைப் பாரம்பரியத்தின் உச்சம் என்கிறோம். அதில் போடும் மரவள்ளியும் செத்தல் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. போர்த்துக்கேயர் காலத்துக்கு முன் எங்கள் பாட்டன்களுக்கு உறைப்பு என்றால் மிளகு. முத்தையன்கட்டுக் குளத்து மீன் என்று ஆசையாக வாங்கும் திலாப்பியா 1952 இல்தான் இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. தேயிலை 1867 இல் தோட்டப் பயிரானது. நாளுக்கு நாலு தரம் தேத்தண்ணி என்ற பழக்கம் அதைவிடவும் இளையது. இவற்றை எல்லாம் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. நல்ல பக்குவம் கிடைத்துவிட்டால் வெளியூர்ப் பண்டமும் ஒரு சில தலைமுறையில் ஊர்ப் பண்டமாகிவிடும். தேத்தண்ணியைவிட அதற்குள் போகும் மூன்று கரண்டி சீனிதான் எனக்குப் பிரச்சினை. இந்த நாட்டில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருக்கும்போது பனங்கட்டிக் கடிக்குத் திரும்புவது நல்ல யோசனை. பனங்கட்டியும் வெல்லந்தான், ஆனால் ஒரு துண்டு ஒரு குவளைக்குப் போதும். சீனிப் போத்தலுக்கு அந்த அளவு கிடையாது.

தண்ணீரும் உட்கொள்ளும் பொருள்தான், அதிலேதான் மாற்றம் பெரிதாக நடந்தது. முன்பு குளத்தடியில் வெட்டிய ஆழமில்லாத கிணறு. குளம் நிறைந்தால் கிணறும் ஊறும். பிறகு குழாய்க் கிணறு வந்து பாறைக்குள் இறங்கியது. 1990களில் அனுராதபுரப் பக்கத்தில் கவனிக்கப்பட்ட, காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் பகுதிகளிலும் இருக்கிறது. கடின நீர், புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெயிலில் தண்ணீர் குடியாமல் உழைப்பது என்று பலதும் சந்தேகத்தில் உள்ளன. இங்கே பழமையை அப்படியே எடுத்தால் ஆபத்து. பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்தால் கலங்கல் தெளியும். கரைந்திருக்கும் புளோரைட்டு போகாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு இன்னும் செறியும். கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டே பழைய கிணறா, குழாய்க் கிணறா, வடிகட்டிய தண்ணீரா என்று முடிவெடுக்க வேண்டும். பாட்டி சொன்னதை இங்கே மட்டும் இரண்டாவதாகக் கேட்கலாம்.

அப்படியானால் எதைத் திருப்பி எடுப்பது? எனக்கு நம்பிக்கை தருவது ஒரு சின்ன விஷயம். கோதுமை மா எங்கள் வீட்டுக்குள் வந்தபோது பாணாக மட்டும் வரவில்லை. புட்டாகவும் இடியப்பமாகவும் மாறித்தான் வந்தது. தானியம் மாறியது, வடிவம் மாறவில்லை. நீத்துப்பெட்டி அங்கேயேதான் தொங்குகிறது, சொதியும் சம்பலும் முசுட்டை இலை வறையும் அவற்றின் இடத்திலேயே இருக்கின்றன. ஆகவே திரும்புவதற்குப் புதிதாகச் சமைக்கப் படிக்க வேண்டியதில்லை, மாவை மட்டும் மாற்றினால் போதும். சிவப்பரிசி மா முதலில். குரக்கனைப் பாதிக்குப் பாதி கலந்து கிழமையில் இரண்டு நாள். 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது; பால்மா விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடும் வீட்டுக்கு அது சும்மா விடக்கூடிய சங்கதி இல்லை. தினமும் மூன்று நேரமும் குரக்கன் என்று கங்கணம் கட்டினால் நாலாவது நாள் பாண் பைக்கற் வந்துவிடும்.

வேலைப் பளுவை வீட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்பதே இதில் கடினமான பகுதி. வட மாகாணத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்கள் அதை ஓரளவு செய்கின்றன. குரக்கன் ரொட்டியும் இலைக்கஞ்சியும் காசுக்கு விற்கும்போது அதே உழைப்புக்குக் கூலி கிடைக்கிறது, வாங்குகிறவளுக்கு அரை நாள் மிஞ்சுகிறது. ஐந்து கிலோ குரக்கன் கொண்டுபோனாலும் கல் நீக்கி, மண் அரித்து, மாவாக்கித் தரும் சிறிய ஆலை ஒன்று ஒவ்வொரு கமக்காரர் அமைப்பின் எல்லைக்குள்ளும் இருந்தால், எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தாலும் நடக்காதது நடக்கும் என்று நினைக்கிறேன்.

அரிசியில் முடிச்சு வேறிடத்தில் விழுந்திருக்கிறது. காலபோக அறுவடை முடிந்த உடனே, ஈரம் காயுமுன்னே, நெல் வெளி மாவட்டத்து லொறியில் ஏறிவிடுகிறது. சில மாதம் கழித்து அதே வயற்காரர் சந்திக் கடையில் பொலநறுவை ஆலையில் தீட்டிய அரிசியைக் கிலோக் கணக்கில் வாங்குகிறார், இரட்டிப்பு விலைக்கு. நெற்கூடு இருந்த முற்றத்தில் இப்போது கூடு இல்லை. ஏன் மூன்று மூட்டையாவது வைக்கவில்லை என்று கேட்டால் உரக் கடைக் கடனையும், உழவு இயந்திரக் கூலியையும், தவணை கட்டும் திகதியையும் சொல்வார்கள். இந்தக் கடன்களின் தவணையை அறுவடைக்குப் பின் மூன்று மாதம் தள்ளிப்போட வங்கியும் கமநலச் சேவை நிலையமும் உடன்பட்டால், அந்த மூன்று மூட்டை வீட்டில் நிற்கும், முற்றத்தில் மறுபடியும் பரல் ஏறும்.